கடையாணியின் உறவுக்காரன்

முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம். அமெரிக்கர் 'காட்டர் பின்' என்பது, கம்பியை இரண்டாக மடித்துத் தலையில் ஒரு கண்ணும் கீழே இரண்டு கால்களும் வைத்த சிறு ஊசியை. அதையே ஆங்கிலேயர் 'ஸ்பிலிட் பின்' என்பர். அவர்களுக்குக் 'காட்டர்' என்றால் சைக்கிளின் பெடல் தண்டை அச்சோடு இறுக்கும் ஆப்பு. நம்மூர் சைக்கிள் கடைகளுக்கு வந்து சேர்ந்ததும் ஆங்கிலேயரின் வழக்குதான். எனவே அமெரிக்கக் கையேட்டைக் கையில் வைத்துக்கொண்டு பழைய ஃபோர்டைச் செப்பனிடுபவர் இங்கே பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால், வேறு பொருளோடு வீடு திரும்ப நேரும். மாட்டுவண்டியின் கடையாணிக்கு இரண்டுமே உறவுதான். ஆனால் கடையாணி சக்கரத்தைத் தானே தடுத்து நிறுத்துகிறது. ஸ்பிலிட் பின்னோ நட்டு பின்னோக்கித் திரும்பாதபடி காவல் மட்டுமே நிற்கிறது.

1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் உற்பத்தியான ஃபோர்டு மாடல் டி காரை அவிழ்த்துப் பார்த்தால் இந்தக் காவலர்களை எங்கும் காணலாம். கோட்டை மதிலின் பற்களைப்போல் வெட்டிய நட்டு, போல்டில் குறுக்கே ஒரு துளை, இரண்டையும் கோத்து மடக்கிய ஊசி. 1913இல் ஹைலண்ட் பார்க் ஆலையில் நகரும் வரிசை வந்தபின் நுழைப்பவர் ஒருவர், முறுக்குபவர் இன்னொருவர் என்று வேலை துண்டுபட்டது. இன்று செப்பனிடுபவர் அத்தனை பேரின் வேலையையும் தனியாகச் செய்கிறார்.

பின்சக்கரத்தில் அந்த வேலை உயிர்ப்பிரச்சினை. மாடல் டியின் பின்னச்சு முனை கூம்பு வடிவம். ஹப் அதன்மேல் ஒரு கீயுடன் இறுகி உட்கார வேண்டும். கால்மிதி பிரேக் சக்கரத்தில் இல்லை, கியர்ப்பெட்டிக்குள் இருக்கிறது. நட்டு தளர்ந்து கீ அறுந்துவிட்டால் அந்தப் பக்கம் அச்சு வெறுமனே சுழலும். டிஃபரென்ஷியல் வழியாக மறுசக்கரமும் பிடியிழக்கும். இறக்கத்தில் மிதித்தால் வண்டி நிற்காது. ஆகவே இங்கே துளையும் பல்லிடுக்கும் ஒத்துவராதபோது நட்டை மேலும் இறுக்கித்தான் பொருத்த வேண்டும். ஊசிக்காகத் தளர்த்தவே கூடாது. கொஞ்சதூரம் ஓட்டியபின் ஊசியைக் கழற்றி, மறுபடி இறுக்கி, புது ஊசி போட வேண்டும்.

1950, 60களின் அமெரிக்கக் கார்கள் பலவற்றின் முன்சக்கரத்தில் விதி தலைகீழ். அங்கே கூம்பு உருளை பேரிங்குக்குச் சிறிது இடைவெளி தேவை. இறுக்கினால் சூடேறி எரிந்துபோகும். நட்டைப் பின்னால் தளர்த்தித்தான் இடுக்கைத் துளைக்கு நேராக்க வேண்டும். ஒரே ஊசி, எதிரெதிரான இரண்டு ஒழுங்குகள். இதைப் பிரித்துச் சொல்லாத செப்பனிடும் குறிப்புகளை நாம் நம்புவதில்லை.

தேர்வில் ஒரு பொறி உண்டு. அமெரிக்க முறையில் அளவு ஊசியைக் குறிக்கும்; எட்டிலொரு அங்குல ஊசிக்குத் துளை சற்றுப் பெரிதாக இருக்கும். ஐஎஸ்ஓ 1234 தரத்தில் அளவு துளையைக் குறிக்கும், 3.2 மி.மீ. என்று விற்கும் ஊசியின் உண்மைக் கனம் 2.9ஐத் தாண்டாது. எனவே பெட்டியின் மேலுள்ள எண்ணை நம்பாமல் துளையை அளந்து வாங்குவதே சரி: விரலால் தள்ள உள்ளே போக வேண்டும், போனபின் ஆடக் கூடாது. மென்எஃகே போதும், துருப்பிடிக்காத எஃகு மடக்கும்போது முரண்டு பிடிக்கும். கழற்றிய ஊசியை மறுபடி போடவே கூடாது. ஒருமுறை மடங்கி நிமிர்ந்த கம்பி அடுத்த மடிப்பில் முறியலாம்.

தலை பல்லிடுக்கில் அழுந்தி அமர வேண்டும். நீண்ட காலை போல்டின் முனைமேல் வளைத்து, மற்றதை நட்டின் பக்கவாட்டில் கீழ்நோக்கி மடக்குவது வழக்கம். ('நைலான் நட்டு இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?' என்பவர்கள் உண்டு. எஞ்சினின் சூட்டில் நைலான் இளகும். அதோடு, அந்தக் கார் அந்தக் காரல்லாமல் போகும்.)

மாடல் டியின் கனெக்டிங் ராடுகளை கிராங்க்கேஸின் அடிமூடியைக் கழற்றியே சரிசெய்யலாம். உரிமையாளர்கள் மல்லாந்து படுத்து இதைச் செய்தார்கள். ஒவ்வொரு முறையும் புது ஊசிகள். அதே எண்ணெயில்தான் ஃப்ளைவீலின் காந்தங்களும் சுழல்கின்றன. வெட்டியெறிந்த ஒரு கால்முனை உள்ளே தங்கினால் காந்தம் அதை இழுத்துக்கொள்ளும், மேக்னெட்டோ பழுதாகும். வெட்டிய துண்டுகளை ஒரு தகரமூடியில் போட்டு எண்ணிக்கொள்வதும், எண்ணிக்கை குறைந்தால் அடிமூடியைப் பூட்டாமல் தேடுவதும் அதனால்தான்.