பார்பிக்யூவுக்கு எந்தக் கரி பெஸ்ட்? தொட்டிக்கரி வாங்கும்போது இதை கவனிங்க!

கோழிக்கு மசாலா தடவுவதில் காட்டும் அக்கறையை, கரி வாங்குவதில் பலரும் காட்டுவதில்லை. ஆனால் ருசியையும் பாதுகாப்பையும் தீர்மானிப்பது அந்தக் கரிதான்.

தொட்டிக்கரி

காங்கேயம், வெள்ளகோவில், பொள்ளாச்சி வட்டாரத்தில் கொப்பரைத் தொழில் அதிகம். அதில் மிஞ்சும் தேங்காய்த் தொட்டியை, அதாவது கொட்டாங்குச்சியை, குறைந்த காற்றில் சுட்டுக் கரியாக்குகிறார்கள். 100 கிலோ தொட்டிக்கு சுமார் 30 கிலோ கரிதான் கிடைக்கும். சாம்பல் குறைவு, சூடு அதிகம். மீன், பனீர், கோழித் துண்டுகளுக்கு இது தாராளமாகப் போதும்.

மரக்கரி

முழுக்கோழி போல நேரம் பிடிக்கும் சமையல் என்றால், கனமான மரக்கரி வசதி. ராமநாதபுரம், விருதுநகர் பக்கம் சீமைக் கருவேல மரத்தில் இது தயாராகிறது.

நல்ல கரியா? எப்படிப் பார்ப்பது?

ஒரு துண்டை உடைத்துப் பாருங்கள். உடைந்த இடம் கருப்பாக மின்ன வேண்டும். இரண்டு துண்டுகளைத் தட்டினால் 'டிங்' என்று சத்தம் வரும். உள்ளே பழுப்பாக இருந்தால் அது பாதி வெந்த கரி. தார் மிச்சம் இருப்பதால் புகை கக்கும், கறியும் கசக்கும்.

எதைப் போடக் கூடாது?

பிளைவுட், பெயின்ட் அடித்த பலகை கூடவே கூடாது. பசை, பெயின்ட் நச்சு புகையோடு உணவில் படியும். அரளி விஷச்செடி, அதன் குச்சியில் கறி கோர்ப்பதும் ஆபத்து. பற்ற வைக்க மண்ணெண்ணெய் வேண்டாம், காய்ந்த தேங்காய் நார் போதும். கரி மேல் சாம்பல் பூத்த பிறகே கறியை வையுங்கள்.

அறைக்குள் வேண்டவே வேண்டாம்

எவ்வளவு நல்ல கரியானாலும் எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். நிறமோ வாசனையோ இல்லாததால் தூங்குபவருக்குத் தெரியாது. கொடைக்கானலில் 2024 ஆகஸ்ட்டில், பார்பிக்யூ அடுப்பை அறைக்குள் வைத்துவிட்டுத் தூங்கிய இரண்டு இளைஞர்கள் உயிரிழந்தனர். ஊட்டி, வால்பாறைக் குளிரில் 'கொஞ்சம் கணகணப்பா இருக்கட்டுமே' என்று அடுப்பை அறைக்கோ டென்டுக்கோ கொண்டு போகாதீர்கள். ஜன்னலைத் திறந்து வைத்தாலும் பாதுகாப்பு இல்லை.

காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவது தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சமைத்து முடித்ததும் கரியில் தண்ணீர் ஊற்றிக் கிளறி, முழுசா ஆறிவிட்டதா என்று பார்த்துவிட்டே கிளம்புங்கள். சாம்பலுக்குள் கங்கு பல மணி நேரம் உயிரோடு இருக்கும்.