கேமரா சென்சார் தூசி (செனாய், ஜொகூர்)

செனாய் போன்ற ஊரில் டிஜிட்டல் கேமரா சென்சாரைத் தூசியின்றி வைத்திருப்பது, துடைப்பதைவிட ஈரத்தை அடக்குவதையே பெரிதும் சார்ந்தது. தூசி உட்காருவது சென்சாருக்கு முன்னுள்ள கண்ணாடி வடிப்பானில். லென்ஸ் துளையை எஃப்/16 வரை சுருக்கினால் தூசியின் நிழல் வானத்தில் கரும்புள்ளியாகத் தெரியும், எஃப்/2.8-இல் கலைந்து மறைந்துவிடும். காய்ந்த துகளை ரப்பர் ஊதியே தள்ளிவிடும். ஆனால் நிலநடுக்கோட்டுக்குச் சற்று வடக்கே, ஆண்டு முழுதும் மழை பெய்யும் இவ்வூரில் துகள் ஈரம் பட்டுக் கண்ணாடியோடு இறுகிவிடுகிறது. லென்ஸில் பூஞ்சையும் பிடிக்கிறது. ஆகவே 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதம் காக்கும் உலர் பெட்டியே முதல் காப்பு.

கேமராவே தூசியை உதறிவிடுமே என்பார்கள். 2003-இல் ஒலிம்பஸ் இ-1 கொண்டுவந்த மீயொலி அதிர்வு பயனுள்ளதுதான். ஒட்டிப்போன துகளிடம் அது பெரும்பாலும் தோற்கும். லென்ஸைக் கழற்றாமலே இருந்தால்? அப்போதும் நீளும் ஜூம் லென்ஸ் காற்றை உள்ளிழுக்கும். 2013 ஜூனில் ஜொகூரின் மூவாரில் அவசரநிலை அறிவிக்க வைத்த புகைமூட்டம் போன்ற நாள்களில் வெளியில் லென்ஸ் மாற்றாதிருப்பது நல்லது. ஆனால் புகைத்துகள் மிக நுண்ணியது, புள்ளியாகத் தெரிவது பெரும்பாலும் அதைவிடப் பெரிய துகள்தான். வாயால் ஊதுவது கூடவே கூடாது, எச்சில் தெறிக்கும். ஈரக்குச்சியால் துடைப்பது கடைசி வழி. பிம்பம் தலைகீழாக விழுவதால், படத்தின் மேற்புறப் புள்ளிக்குரிய தூசியைச் சென்சாரின் கீழ்ப்புறத்தில் தேட வேண்டும்.