நாற்றங்காலை நாசமாக்கும் பிள்ளைப்பூச்சி: அடையாளமும் தடுப்பு முறைகளும்

பயந்த சுபாவம் உள்ளவரைப் 'பிள்ளைப்பூச்சி' என்று சொல்வது வழக்கம். ஆனால் மேட்டுப்பாங்கான நெல் வயலிலும் புழுதி நாற்றங்காலிலும் இந்தப் பூச்சி சாதுவானது அல்ல. பகலில் வளையில் பதுங்கி, இரவில் இரை தேடுவதால், சேதம் தெரிந்த பிறகும் பூச்சி கண்ணில் படுவதில்லை.

அடையாளம்

சுமார் 3 செ.மீ. நீளம், பழுப்பு நிறம், வெல்வெட் போன்ற உடல். முன்னங்கால்கள் மண்வெட்டி போல அகன்று பற்களுடன் இருக்கும். இவற்றால்தான் மண்ணைத் தோண்டுகிறது. நன்றாக நீந்தும், இரவில் பறந்து விளக்கு வெளிச்சத்துக்கும் வரும். ஆண் பூச்சி வளைக்குள் இருந்தபடி ஒலி எழுப்பிப் பெண்ணை அழைக்கும்.

வாழ்க்கைச் சுழற்சி

பெண் பூச்சி மண்ணுக்குள் சிறு அறை அமைத்து 30 முதல் 50 முட்டைகள் இடும். இளம்பூச்சிகள் வளர 3 முதல் 4 மாதங்கள் ஆகும். ஈரமான, இளகிய மண்ணில் மேலாக வளை தோண்டும். மண் காய்ந்தால் ஆழத்துக்குப் போய்விடும். நீர் தேங்கிய வயலில் வரப்புதான் இதன் வீடு.

சேத அறிகுறி

வேரையும் தண்டின் அடியையும் கடித்துவிடுவதால் நாற்றுகள் திட்டுத்திட்டாக வாடும். தண்டுத் துளைப்பான் தாக்கினால் நடுக்குருத்து மட்டும் காயும், வேர் நன்றாக இருக்கும். பிள்ளைப்பூச்சி கடித்த நாற்று முழுவதும் காயும், இழுத்தால் எளிதில் கையோடு வரும். இதைப் பார்க்காமல் குருத்துக்கு மருந்து அடித்தால் பணம்தான் வீண்.

சந்தேகம் இருந்தால் 4 லிட்டர் தண்ணீரில் 2 மேசைக்கரண்டி திரவ சோப்பைக் கலந்து, வரப்பில் 2 அடிக்கு 2 அடி இடத்தில் ஊற்றுங்கள். பூச்சி இருந்தால் சில நிமிடங்களில் மேலே வரும். நாற்றின் மேல் ஊற்ற வேண்டாம்.

கட்டுப்படுத்தும் முறை

* நிலத்தை மேடுபள்ளம் இல்லாமல் சமப்படுத்துங்கள். மேடான இடத்தில்தான் பூச்சி தங்கும்.
* நாற்றின் நுனி மூழ்காத அளவுக்கு 3 முதல் 4 நாட்கள் நீர் நிறுத்துங்கள். வெளியேறும் பூச்சிகளைக் கொக்கும் மைனாவும் பிடித்துத் தின்னும்.
* நடவுக்கு முன் வரப்பைச் செதுக்கிப் பூசினால் வளைகள் அழியும்.
* இரவில் விளக்குப் பொறி வையுங்கள். பொறி நாற்றங்காலை விட்டுத் தள்ளி இருக்கட்டும்.
* சேதம் அதிகமானால் மட்டும், ஈரத் தவிட்டில் மருந்து கலந்த நச்சு இரையை மாலையில் வரப்போரம் வைக்கலாம். மருந்தையும் அளவையும் வேளாண் அலுவலரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். கோழி, ஆடு, மாடு அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மண்ணில் உள்ள புழுக்களையும் பிற பூச்சிகளையும் இது தின்னும். எனவே ஒன்றிரண்டைக் கண்டதும் மருந்து தேட வேண்டாம். நாற்றுக்குச் சேதம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.