ஒரே ஆம்ப்ளிஃபயரில் 4 ஸ்பீக்கரா? காரில் கனெக்‌ஷன் கொடுக்கும் முன் இந்த ஓம் கணக்கைப் பாருங்க!

காரில் ஸ்பீக்கரைக் கூட்டினால் சத்தமும் கூடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால், ஆம்ப்ளிஃபயருக்கு எத்தனை ஸ்பீக்கர் என்பது முக்கியமில்லை. எல்லாம் சேர்ந்து எத்தனை ஓம் என்பதுதான் முக்கியம். இந்தக் கணக்கு தப்பினால் ஆம்ப் சூடாகி அடிக்கடி ஆஃப் ஆகும். சில நேரம் கருகியே போய்விடும்.

ஓம் என்றால் என்ன?

மின்சாரத்துக்கு ஸ்பீக்கர் தரும் தடையின் அளவுதான் ஓம். கார் ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை 4 ஓம். தடை குறையக் குறைய ஆம்ப்பிலிருந்து பாயும் கரண்ட் கூடும். உதாரணமாக, 20 வோல்ட் அவுட்புட்டில் 4 ஓம் என்றால் 5 ஆம்பியர், 2 ஓம் என்றால் 10 ஆம்பியர், 1 ஓம் என்றால் 20 ஆம்பியர்.

சீரிஸா, பேரலலா?

சீரிஸ்: முதல் ஸ்பீக்கரின் மைனஸை அடுத்த ஸ்பீக்கரின் ப்ளஸ்ஸில் கொடுப்பது. இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர் சேர்ந்து 8 ஓம் ஆகும். ஆம்ப்புக்கு ஆபத்தில்லை; ஆனால் பவர் குறையும்.

பேரலல்: ப்ளஸ்ஸோடு ப்ளஸ், மைனஸோடு மைனஸ். அதே இரண்டு ஸ்பீக்கர் இப்போது 2 ஓம்தான். பவர் கூடும், ஆம்ப்பின் சுமையும் கூடும்.

இரண்டும் கலந்து: நான்கு ஸ்பீக்கரை இரண்டிரண்டாக சீரிஸில் கோர்த்து, அந்த இரண்டு ஜோடிகளையும் பேரலலில் சேர்த்தால் மறுபடியும் 4 ஓம். ஒரே சேனலில் நான்கு ஸ்பீக்கர் மாட்ட இதுவே பாதுகாப்பான வழி.

பிரிட்ஜ் செய்யும்போது உஷார்!

இரண்டு சேனலை பிரிட்ஜ் செய்தால், ஒவ்வொரு சேனலும் பாதி ஓம் சுமையைத்தான் உணரும். அதாவது 4 ஓம் சப்வூஃபர், சேனலுக்கு 2 ஓம் மாதிரி. எனவே ஆம்ப்பின் மீதோ மேனுவலிலோ உள்ள 'குறைந்தபட்ச ஓம்' அளவை பிரிட்ஜுக்குத் தனியாகப் பாருங்கள்.

இதையும் மறக்காதீங்க

* வேலை தொடங்கும் முன் பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிடுங்கள்.
* பேட்டரியிலிருந்து வரும் பவர் வயரில், பேட்டரிக்கு 45 செ.மீ.க்குள் ஃப்யூஸ் இருக்க வேண்டும். அது இல்லாமல் வயர் பாடியில் உரசி ஷார்ட் ஆனால் காரே தீப்பிடிக்கலாம்.
* ஒரு ஸ்பீக்கரில் மட்டும் ப்ளஸ், மைனஸ் மாறினால் பேஸ் காணாமல் போகும்.
* ஆம்ப்பில் சொருகும் முன் ஸ்பீக்கர் வயரை மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் 3 முதல் 4 வரை காட்டுவது இயல்பு. 0-வை ஒட்டிக் காட்டினால் எங்கோ ஷார்ட்; அதைச் சரிசெய்யாமல் ஆம்ப்பை ஆன் செய்யாதீர்கள்.