ஒரே ஆண்டு, இரண்டு தீர்ப்புகள்

மொழி மக்களைப் பிரிக்கிறதாம்! மொழிவழி மாநிலம் கேட்டோர் மீது அன்று வீசப்பட்ட பழி இது. பல மொழி இருந்தால் அமைதி குலையும், ஒரே மொழியை எல்லோர் தலையிலும் ஏற்றினால் ஒற்றுமை ஓங்கும் என்று ஓதுவோர் இன்றும் உளர். வரலாற்றைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிக் கேட்போம். தொலைதூரம் செல்லத் தேவையில்லை. குற்றாலச் சாரல் தொட்டுச் செல்லும் ஆய்க்குடிக்கு வாருங்கள், தோழர்களே!

முடமோசியார் பாடிய ஆய் அண்டிரன், பொதிய மலைச் சாரலை ஆண்ட வேள். வடக்கே இமயம் நிற்பதுபோல் தெற்கே ஆய்குடி இல்லாவிடின் உலகமே நிலைதவறும் என்று புறநானூறு புகழும் ஊர் இதுவே என்பர். அக்குடிப்பெயர் தாங்கிய மன்னர்கள் 9ஆம் நூற்றாண்டில் மலைக்கு அப்பால், விழிஞக் கடலோரத்தில் அரசோச்சினர். அன்று மலையின் இருபுறமும் வட்டெழுத்து வழங்கிற்று. காலம் சென்றது, மலையாளம் தனிமொழியாய்த் தழைத்தது. தமிழும் மலையாளமும் ஒரு குடும்பத்து மொழிகள் என்பதை, நெல்லைச் சீமை இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856இல் தம் ஒப்பிலக்கணத்தால் நிலைநாட்டினார்.

உறவு இருந்தது, உரிமை இருந்ததா? ஆய்க்குடியும் செங்கோட்டை வட்டமும் திருவிதாங்கூர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தன. வீட்டிலே தமிழ், ஆட்சியிலே மலையாளம்! தாய்த் தமிழகத்தோடு இணைய வேண்டுமென்று, நேசமணி போன்றோர் முன்னின்ற திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு போராடியது. 1954 ஆகஸ்டு 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிகள் வெடித்தன, தமிழர் மாண்டனர். 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டை வட்டத்தின் ஒரு பகுதியும் ஆய்க்குடியும் நெல்லை மாவட்டத்தைச் சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன.

எல்லைக்கோடு விழுந்தது. அண்டை வீட்டாரிடையே பகை மூண்டதா? இல்லை! பாவூர்ச்சத்திரம் சந்தைக் காய்கறி இன்றும் புளியரை வழியாகக் கேரளம் செல்கிறது. சாரல் காலத்தில் குற்றாலம் வரும் மலையாளியிடம் கடைக்காரர் மலையாளம் பேசுகிறார்; புனலூர்ச் சந்தைக்குச் செல்லும் தமிழரிடம் அங்குள்ளோர் தமிழ் பேசுகின்றனர். எந்தச் சட்டம் இதைக் கற்பித்தது? எந்தச் சுற்றறிக்கை ஆணையிட்டது? தேவை கற்பித்தது, நட்பு வளர்த்தது. முல்லைப் பெரியாற்று வழக்கு 2011இல் எல்லையைக் கொதிக்க வைத்தது உண்மை. ஆனால் அது நீர்ப் பூசல். 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சந்தை வண்டிகள் மீண்டும் மலையேறின.

இதே 1956இல், கடலுக்கு அப்பால் இலங்கையில் நடந்ததென்ன? சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று பண்டாரநாயக்காவின் அரசு சட்டம் செய்தது. மசோதா வந்த சூன் 5ஆம் நாள், கொழும்பு காலிமுகத் திடலில் அறவழியில் அமர்ந்த தமிழர்கள் தாக்கப்பட்டனர். ஒரே மொழி என்றால் நாடு இரண்டாகும் என்று கொல்வின் ஆர். டி சில்வா என்ற சிங்களத் தலைவரே எச்சரித்தார், செவிமடுத்தார் இல்லை. 1957இல் செல்வநாயகத்தோடு செய்த உடன்பாடு 1958இல் கிழித்தெறியப்பட்டது, கலவரம் பாய்ந்தது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி என்றபோது, போர் பற்றி எரிந்துகொண்டிருந்தது. 2009இல்தான் அது ஓய்ந்தது, எண்ணற்ற உயிர்களைக் குடித்துவிட்டு!

ஒரே ஆண்டு, இரண்டு தீர்ப்புகள். இங்கே அவரவர் மொழிக்கு அவரவர் மண்ணில் ஆட்சிப்பீடம் கிடைத்தது, அச்சம் அகன்றது, அண்டை மொழி நண்பனாயிற்று. அங்கே ஒரு மொழியை அரியணை ஏற்றி மற்றொன்றை வாயிலில் நிறுத்தினர். விண்ணப்பம் எழுதவும் வேலை கேட்கவும் தன் மொழி செல்லாது என்று கண்டவன், ஆள்வோர் மொழியை எப்படி நேசிப்பான்? தன் மொழிக்குக் கேடில்லை என்ற உறுதி உள்ளவனே பிறர் மொழியை மனமுவந்து கற்பான். விரும்பிக் கற்ற மொழி பாலம். திணிக்கப்பட்ட மொழி மதில்.

இளைஞர்களே, இந்த நீதி நமக்கு மட்டும் உரியதன்று. நம் நாட்டில் தெலுங்கும் மலையாளமும் கன்னடமும் உருதும் பேசி வாழ்வோர் உண்டு. திருவிதாங்கூரில் நாம் எதைக் கேட்டோமோ, அதை அவர்கள் நம்மிடம் கேட்டால் என்ன விடை சொல்வோம்? அவர்கள் குழந்தை தாய்மொழியிலும் எழுத்தறிய வழி உண்டா என்று முதலில் கேட்பவர் நாமாக இருக்க வேண்டும். நமக்கொரு நீதி, பிறர்க்கொரு நீதி என்றால், காலிமுகத் திடலில் தடியெடுத்தோருக்கும் நமக்கும் என்ன வேற்றுமை? தமிழ் வாழ்க என்று முழங்கும் நா, அண்டை மொழியும் வாழ்க என்று சேர்த்தே முழங்கட்டும்!