குன்றிலிருந்து குன்றுக்கு

இந்த ஆண்டு மலரில் உங்களுக்கு ஒரு வானொலிக் கதை சொல்ல வந்திருக்கிறேன். வானொலி என்றதும் பாட்டும் செய்தியும் என்று நினைத்துவிடாதீர்கள். இது வேறு.

தோட்டத்தில் ஒரு பள்ளத்தில் நிற்பவர் மறுபக்கத்துப் பள்ளத்தில் இருப்பவரைக் கூப்பிட வேண்டுமானால் என்ன செய்வார்? நடுவில் மேடு. தொண்டை கிழியக் கத்தினாலும் குரல் ஏறாது. ஆனால் மேட்டின்மேல் ஒருவர் நின்றால் போதும். இந்தப் பக்கம் காதில் விழுந்ததை அந்தப் பக்கம் திரும்பிக் கத்துவார்: "பால் லோரி வந்துடுச்சாம், சீக்கிரம் வரச் சொல்றாங்க!" அந்த மேட்டு ஆளைத்தான் வானொலிக்காரர்கள் 'ரிப்பீட்டர்' என்கிறார்கள். மலையுச்சியில் ஒரு சிறு அறை, ஒரு கம்பம், உள்ளே ஒரு பெட்டி. ஓர் அலைவரிசையில் கேட்பதை அதே நொடியில் இன்னோர் அலைவரிசையில் பலமாகத் திருப்பி அனுப்பும். அவ்வளவுதான்.

இதைப் பயன்படுத்துகிறவர்கள் யார்? அமெச்சூர் வானொலி அன்பர்கள். 'ஹாம்' என்று செல்லமாகச் சொல்வார்கள். பரீட்சை எழுதி, அரசாங்க உரிமம் பெற்று, தமக்கென்று ஓர் அழைப்புக் குறியும் வாங்கிக்கொண்டு பேசுகிறவர்கள். தீபகற்ப மலேசியாவில் 9எம்2 என்று தொடங்கும் குறிகள் உண்டு, சிங்கப்பூரில் 9வி1. இதில் ஒரு காசு சம்பாதிக்கக்கூடாது என்பது சட்டம். பின்னே எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்கிறீர்களா? மீன் பிடிக்கப் போகிறவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

இவர்களுடைய வரலாறும் நம்மவர் வரலாறு போன்றதுதான். 1912-ஆம் ஆண்டில் அமெரிக்கா ஒரு வானொலிச் சட்டம் போட்டது. நல்ல அலைவரிசைகளைக் கப்பலுக்கும் கடற்படைக்கும் வைத்துக்கொண்டு, 200 மீட்டரும் அதற்குக் குறைந்த அலைநீளமும் இந்த அன்பர்களுக்கு என்று ஒதுக்கிவிட்டது. ஒன்றுக்கும் உதவாத சதுப்பு நிலத்தைத் தள்ளிவிட்ட மாதிரி! அவர்கள் அந்தச் சதுப்பைக் கொத்திப் பார்த்தார்கள். 1923 நவம்பரில், பிரான்சின் நீஸ் நகரிலிருந்த லியோன் டெலாய் என்பவரும் அமெரிக்காவின் பிரெட் ஷ்னெல் என்பவரும் ஏறக்குறைய 100 மீட்டர் அலையில் அட்லாண்டிக் கடலைத் தாண்டி ஒருவரோடொருவர் தந்திக் குறியில் பேசிக்கொண்டார்கள். உதவாக்கரை என்று கழித்துக் கட்டிய இடத்தில்தான் உலகைச் சுற்றும் சிற்றலை இருந்தது.

அதற்குப் பிறகு காலம் மாறிற்று. 1970-களில் ஊருக்கு ஊர் ரிப்பீட்டர்கள் எழும்பின. கையடக்கக் கருவிகள் வந்தன. விலையும் குறைந்தது. வந்தது நல்லதுதான், ஆனால் ஒரு குறையும் கூடவே வந்தது. கையடக்கக் கருவி பயன்படுத்தும் மிகையதிர்வெண் அலை, கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான் ஓடும். மலை உதவினால் சில பத்து மைல். கடல் தாண்டிப் பேசவேண்டுமானால் பெரிய கருவி வேண்டும், உயரமான கம்பி வேண்டும், கூடுதல் பரீட்சையும் வேண்டும். மாடி வீட்டில் குடியிருப்பவர் கம்பியை எங்கே கட்டுவார்?

இந்தக் கட்டத்தில் கதைக்குள் வருகிறார் கனடா நாட்டு டேவிட் கேமரன். வான்கூவர் நகரத்துக்காரர். அழைப்புக் குறி வி.இ.7எல்.டி.டி. 1997-ஆம் ஆண்டின் இறுதியில் அவருக்குத் தோன்றிய எண்ணம் எளிமையானது. இந்தக் குன்றிலும் ரிப்பீட்டர் இருக்கிறது, அந்தக் குன்றிலும் இருக்கிறது. நடுவில் இணையம் ஓடுகிறது. இரண்டையும் அதில் கோத்துவிட்டால் என்ன? (இணையம் என்ற சொல்லை நமக்குத் தந்தவர் சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி என்பார்கள். அந்தப் பெருமை நம் பக்கத்துக்கு இருக்கட்டும்.)

மேற்குக் கரையிலுள்ள வான்கூவரையும் கிழக்குக் கரையிலுள்ள செயிண்ட் ஜான் நகரையும் இணைத்தார்கள். இடையே நாலாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். இங்கே காலை ஆறு மணி என்றால் அங்கே பத்து மணி. ஒருவர் காலைக் காப்பி குடிக்கும்போது மற்றவர் பாதி வேலை முடித்திருப்பார். அப்படிப்பட்ட இருவர் இடுப்பில் செருகிக்கொள்ளும் கருவியில் பேசிக்கொண்டார்கள்.

ஆனால் உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. முதலில் விண்டோஸ் கணினியில், வோக்கால்டெக் நிறுவனத்தின் 'இன்டர்நெட் ஃபோன்' என்ற மென்பொருளைத்தான் ஓட்டினார்கள். அது மனிதன் மேசையில் உட்கார்ந்து பேசுவதற்காகச் செய்தது. ஆளில்லாமல் இரவு பகல் ஓடுவதற்கு அல்ல. அடிக்கடி நின்று போயிற்று. கேமரன் சலிக்கவில்லை. 1998 நவம்பரில் லினக்ஸ் முறைக்கு மாறினார். ஜான் வாக்கர் என்பவர் எழுதி எல்லோருக்கும் இலவசமாகவே விட்டிருந்த 'ஸ்பீக் ஃப்ரீலி' என்ற நிரலை எடுத்துத் திருத்தினார். வானொலியையும் கணினியையும் இணைக்க ஒரு சிறு மின்பலகையும் செய்தார். ஐ.ஆர்.எல்.பி. என்ற இணைய வானொலி இணைப்புத் திட்டம் இப்படித்தான் காலூன்றியது.

அது வேலை செய்யும் விதத்தைக் கேளுங்கள். ஒவ்வொரு நிலையத்துக்கும் நான்கு இலக்க எண் உண்டு. கருவியிலுள்ள எண் பொத்தான்களை அழுத்தினால், மலையிலிருக்கும் கணினி அந்த ஊரை அழைக்கும். அலை வந்ததும் மின்பலகை கணினிக்குத் தெரிவிக்கும். கணினி குரலை எண்களாக்கி, பொட்டலம் பொட்டலமாகக் கட்டி அனுப்பும். அந்தப் பக்கத்துக் கணினி பிரித்துக் கோத்து, ரிப்பீட்டரின் பேச்சு விசையைத் தானே தட்டிவிடும். பல ஊர்கள் ஒன்றாகக் கூட வேண்டுமானால் 'ரிஃப்ளெக்டர்' என்றொரு பொதுக் கணினி இருக்கிறது. ஒருவர் பேசினால் அங்கே கூடிய அத்தனை ஊருக்கும் கேட்கும். அதனால் ஒரு மரியாதையும் பிறந்தது: ஒருவர் பேசி முடித்தவுடன் மற்றவர் பாய்ந்துவிடக்கூடாது. ஓரிரு நொடி பொறுக்க வேண்டும், எங்கோ ஒரு மூலையிலிருந்து வேறொருவர் உள்ளே வர இடம் விட்டு. நம் வீட்டு விசேஷங்களில்கூட இது நடப்பதில்லை!

கேமரன் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார். இரண்டு முனையிலும் வானொலிதான் இருக்கவேண்டும். கணினிமுன் உட்கார்ந்து யாரும் நேரே நுழையக்கூடாது. ஏன் இந்தப் பிடிவாதம்? உரிமம் இல்லாத ஒருவன் இணையம் வழியே புகுந்து வான்வெளியில் பேசிவிட்டால், மாட்டிக்கொள்வது ரிப்பீட்டர் வைத்திருப்பவர்தான். ஆகவே நிலையங்களே ஒன்றையொன்று இரகசியச் சாவி கொண்டு சரிபார்த்துக்கொள்ளும்படி செய்தார். 2002-இல் அமெரிக்காவின் ஜோனதன் டெய்லர் 'எக்கோலிங்க்' என்று வேறு வழி திறந்தார். உரிமத்தைச் சரிபார்த்துவிட்டால் கணினியிலிருந்தும் பேசலாம் என்பது அவர் கொள்கை. எது சரி? ஊரைவிட்டு வெளிநாட்டு விடுதியில் படுத்திருக்கும் அன்பருக்கு டெய்லர் செய்தது பேருதவி. என்றாலும் என் மனம் கேமரன் பக்கம்தான் சாய்கிறது. கடைசி ஒரு மைலாவது காற்றில் போகட்டும் என்று நினைத்தாரே, அதற்காக.

"கம்பியில் போவதற்குப் பெயர் வானொலியா? தொலைபேசி அல்லவா?" என்று கேட்ட மூத்தவர்களும் உண்டு. அவர்களை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

அட்லாண்டிக் கடலில் சூறாவளி எழும்போது அமெரிக்காவின் மையாமியிலுள்ள தேசியச் சூறாவளி மையத்தில் அமெச்சூர் அன்பர்கள் உட்காருவார்கள். புயலில் சிக்கிய ஊர்களிலிருந்து காற்றின் வேகம், காற்றழுத்தம், வெள்ளம் பற்றிய தகவல்கள் சிற்றலையிலும் வரும், ஐ.ஆர்.எல்.பி., எக்கோலிங்க் இரண்டையும் சேர்த்துக் கட்டிய வலையிலும் வரும். கையடக்கக் கருவி மட்டுமே உள்ளவர்கூட நிபுணர்களுக்குக் கண்ணாக இருக்கலாம். இது கம்பி தந்த வரம்.

இனி மறுபக்கம். 2004 டிசம்பர் 26. பினாங்கிலும் கெடாவிலும் நம் மக்களைப் பறிகொடுத்த அதே ஆழிப்பேரலை அந்தமான், நிக்கோபார் தீவுகளையும் புரட்டிப் போட்டது. அங்கே போர்ட் பிளேரில் பாரதி பிரசாத் என்ற இந்திய அமெச்சூர் அம்மையார் இருந்தார். சில வாரங்களுக்குமுன்தான் சிறப்பு அனுமதி பெற்று, வி.யு.4ஆர்.பி.ஐ. என்ற குறியோடு உலக அன்பர்களுடன் பேசுவதற்காகத் தம் குழுவோடு வந்திருந்தார். பொழுதுபோக்கு அன்றே முடிந்தது. தொலைபேசிகள் செத்துக் கிடந்தபோது அவரும் குழுவினரும் சிற்றலையில் நாள்கணக்காக உட்கார்ந்து, இன்னார் உயிரோடு இருக்கிறார் என்ற செய்தியைப் பெருநிலத்திலுள்ள உறவினர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அங்கே இணையமும் இல்லை, நடுவில் எந்தக் கணினியும் இல்லை. ஒரு கருவி, ஒரு கம்பி, மேலே வானம்.

இதையெல்லாம் அறிந்த நிலையத்துக்காரர்கள் கணினியை ரிப்பீட்டருக்குத் துணையாக வைப்பார்களே தவிர, அதை நம்பி ரிப்பீட்டரை வைப்பதில்லை. இணையம் அறுந்துபோனால் வான்கூவருக்குச் செயிண்ட் ஜான் கேட்காது. ஆனால் குன்றின்மேல் மின்கலம் உள்ளவரை, அந்தப் பெட்டி தன் பள்ளத்துக் குரல்களை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் திருப்பிச் சொல்லிக்கொண்டேயிருக்கும்.