புழுவின் நரம்பு கூறும் வரலாறு

மண்புழுவை அற்பப் பிராணி என்று தள்ளுவது உலக வழக்கு. இங்கிலாந்தின் டவுண் கிராமத்தில் வாழ்ந்த சார்ள்ஸ் டார்வின் அவ்வாறு தள்ளினாரல்லர். மண்புழுக்களைச் சட்டிகளில் வளர்த்து, இரவில் விளக்கொளி காட்டிச் சோதித்த அவர், தாம் கண்டவற்றை 1881ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். திடீரென ஒளி பட்டால், புழு முயலைப்போல வளைக்குள் பாய்வதுண்டு. ஆனால், இலையை இழுக்கும் வேலையில் ஈடுபட்டிருக்கையில் அதே ஒளியை அது பொருட்படுத்துவதில்லை. வெறும் பொறியாயின் இவ்வேறுபாடு ஏன்?

இத்தகைய வினாக்களுக்கு விடை காண எளிய நரம்பமைப்புடைய உயிர் வேண்டியிருந்தது. 1963ஆம் ஆண்டளவில், கேம்பிரிட்ஜில் சிட்னி பிரென்னர் 1 மில்லிமீற்றர் நீளமான உருளைப்புழு ஒன்றைத் தெரிந்தெடுத்தார். அதன் நரம்புக் கலங்கள் 302 மாத்திரமே. அவற்றின் இணைப்புகளைக் காட்டும் படம் 1986இல் வெளிவந்தது. தலைப்புறம் தொட்டால் அப்புழு பின்வாங்கும். வாற்புறம் தொட்டால் முன்னோக்கி விரையும். ஆயினும், அது வாழும் தட்டைப் பன்முறை தட்டினால், அதன் பதில் படிப்படியாகக் குன்றும் என்பது 1990இல் காட்டப்பட்டது. நரம்புப் பாதை அழிவதில்லை. அதன்வழிச் செல்லும் செய்தியின் வலிமையே தளர்கின்றது.

சூழலுக்கேற்ப நடத்தையை மாற்றுவதற்குப் பெரிய மூளை வேண்டியதில்லை என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மை.